ஒன்பது வைஃபை பெட்டிகளும் இரண்டு சம்பந்திகளும்

பிஷ்கெக்
ஜூன் 4

தோலோமுஷ் சம்பந்தி அவர்களுக்கு,

நலம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை. நீங்கள் நலமாகத்தான் இருப்பீர்கள். இசிக்-குல் ஏரிக் காற்று, புகையிட்ட மீன், குரலை உயர்த்தினால் ஓடிவர நாலு ஆட்கள். வேறென்ன வேண்டும்?

நேற்று முன்தினம் மதியம் என் மகள் செஸிம் ஒரு சூட்கேஸும் கழுத்தில் ஒரு ஹெட்போனுமாக என் வாசலில் வந்து நின்றாள். "அம்மா, கொஞ்ச நாள் இங்கதான்" என்றாள். எத்தனை நாள் என்றேன். "சூட்கேஸை உள்ள வைக்கலாமா, இல்ல இங்கயே நின்னு பதில் சொல்லணுமா?" என்றாள். கல்யாணமாகிப் பத்து மாதம்! பக்கத்து ஃபிளாட்காரி சர்க்கரை இரவல் கேட்கும் சாக்கில் இதுவரை மூன்று தடவை வந்து எட்டிப் பார்த்துவிட்டாள். என் வீட்டில் இப்போது செய்தி நிறைய இருக்கிறது, சர்க்கரை இல்லை.

உடனே உங்களுக்கு ஃபோன் செய்தேன். "பெட்டியைப் பத்திப் பேசறதுன்னா பேசுங்க, என் குடும்பத்தைப் பத்திப் பேசாதீங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டீர்கள். அதனால்தான் காகிதம். உங்கள் கேட்டைத் தாண்டிப் போகிற மினிபஸ் டிரைவர் ஜோல்தோஷ் கொண்டுவந்து தருவான். ஃபோனைப் பாதியில் வைக்கலாம். கடிதத்தைப் பாதியில் கிழித்தால், மீதியில் என்ன திட்டியிருக்கிறேன் என்று தெரியாமல் உங்களுக்கு ரொட்டி உள்ளே இறங்காது.

நடந்தது இதுதான். செஸிம் பார்த்த வேலை உங்களுக்குத் தெரியுமோ தெரியாதோ, சொல்கிறேன். வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளில் நம் கிர்கிஸ் ஆட்கள் பாஷை தெரியாமல் படுத்திருக்கிறார்கள் இல்லையா, அவர்களுக்கும் டாக்டருக்கும் நடுவில் இணையத்தின் வழியாக மொழிபெயர்ப்பவள். மே மாதத்தில் மூன்று முறை பேச்சின் நடுவில் இணைப்பு அறுந்திருக்கிறது. மூன்றாவது, ஒரு பிரசவ அறை. வலி எத்தனை நிமிஷத்துக்கு ஒரு தடவை வருகிறது என்று டாக்டர் கேட்டு, இவள் அதைக் கிர்கிஸில் சொல்லி, அந்தப் பெண் பதில் சொல்ல வாயெடுத்தபோது அறுந்தது. மறுநாள் இவளை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

சம்பந்தி, உங்கள் விடுதிக்கு ஒன்பது வைஃபை ஆக்சஸ் பாயின்ட் பெட்டிகளைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தவள் நான். இருபது வருஷமாக இதுதான் என் பிழைப்பு. பள்ளிக்கூடம், ஓட்டல், சந்தை, ஒரு தடவை குதிரைப் பந்தய மைதானம்கூட. ஐம்பத்து மூன்று வயதில் இன்னும் நானே ஏணியில் ஏறுகிறேன், இறங்கும்போது மட்டும்தான் இரண்டு பேர் பிடிக்க வேண்டும். கம்பத்தில் மாட்டி ஏரிக்கரையைப் பார்க்க வைக்க ஒரு பெரிய பெட்டி. யுர்த் கூடாரங்களுக்கு நடுவே மழை, பனி தாங்குகிற மூன்று. கான்கிரீட் கட்டடத்தின் நடைபாதைக் கூரைகளில் ஐந்து வட்டப் பெட்டிகள். வரைபடத்தில் ஒவ்வொன்றுக்கும் ஒரு வட்டம் போட்டுக் கையில் கொடுத்தேன். மாட்டுவதற்கு நானே வருகிறேன் என்றேன். "ஆணி அடிக்க எங்களுக்குத் தெரியும்" என்றீர்கள்.

என்ன செய்தீர்கள் அவற்றை?

பூருல்

பின்குறிப்பு: சம்பந்தி வீட்டுக்கு வெறும் கடிதம் அனுப்பக் கூடாது என்பதால் ஒரு பாத்திரம் செர்ரி ஜாம். கோபத்தோடுதான் அனுப்புகிறேன்.


அக்-ஜால் கிராமம், ஏரியின் தென்கரை
ஜூன் 7

மதிப்புக்குரிய பூருல் சம்பந்தியம்மாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. ஜாமும் கிடைத்தது. ஜாம் நன்றாக இருந்தது.

முதலாவது: நான் கூட்டுப்பண்ணையின் வண்டிப் பட்டறையை இருபத்திரண்டு வருஷம் நடத்தியவன். உதிரிப் பாகமே இல்லாமல் லாரியை மலையேற்றியவன். ஒரு பிளாஸ்டிக் தட்டைச் சுவரில் மாட்ட எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

இரண்டாவது: நீங்கள் மார்ச் மாதத்தில் வந்தீர்கள். காதுவரை தொப்பி போட்டுக்கொண்டு, கையில் ஃபோனோடு தோட்டம் முழுக்க நடந்தீர்கள். கடைசி யுர்த்வரை சிக்னல் ஓடுகிறது என்று என் கண்முன்னால் சொன்னீர்கள். அப்போது என் ஆப்ரிகாட் மரங்கள் மொட்டையாக நின்றன. இப்போது வந்து பாருங்கள். முதல் யுர்த்திலிருந்து இரண்டாவது யுர்த் தெரியவில்லை. இலை விட்ட வாரமே உங்கள் சிக்னல் செத்துவிட்டது. ஆப்ரிகாட் மரம் வருஷா வருஷம் இலை விடும் என்பது உங்கள் தொழிலில் யாருக்குமே தெரியாதா?

மூன்றாவது: என் விருந்தாளிகள் ஃபோனைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு அலைகிறார்கள். போன வாரம் ஒரு பெண்மணி இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு தன் மேலதிகாரியிடம் பேசினார். அங்கேதான் கிடைத்ததாம். தண்ணீர் எவ்வளவு சில்லிட்டிருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அவர் போகும்போது எனக்குச் சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத மாட்டேன்.

ஐந்தாவது: பெட்டிகளை என்ன செய்தேன் என்று கேட்கிறீர்கள். மரியாதையோடு மாட்டினேன். இருப்பதிலேயே பெரியதைப் பெரிய யுர்த்தில், வாசலுக்கு நேரெதிரே, மூத்தவருக்கென்றே உள்ள தோரில் மாட்டினேன். அது என் அண்ணன் சாகின் உட்காரும் இடம். கம்பத்தில் மாட்டச் சொல்லியிருந்தீர்கள். அவ்வளவு நல்ல பொருளைக் காக்காய்க்கா கொடுப்பது? அடுத்த இரண்டு, பெரிய மனிதர்கள் தங்கும் முன்னறைகளுக்கு. மற்றவை மற்றவர்களுக்கு, அவரவர் இடத்தின்படி. ஒரு வீட்டின் ஒழுங்கு தெரிந்தவனுக்கு இதற்கெல்லாம் வரைபடம் தேவையில்லை.

செஸிம் அவளாகத்தான் கிளம்பிப் போனாள். யாரும் போ என்று சொல்லவில்லை. இங்கே யாரும் அழவும் இல்லை. என் மகன் எல்தியார் நாலைந்து நாளாகச் சரியாகச் சாப்பிடுவதில்லை, அது வயிற்றுக் கோளாறு.

பாத்திரத்தைக் காலியாக அனுப்பக் கூடாது என்பதால் புகையிட்ட மீன் வைத்திருக்கிறேன்.

தோலோமுஷ்


பிஷ்கெக்
ஜூன் 9

தோலோமுஷ் சம்பந்திக்கு,

உங்கள் கடிதத்தின் ஐந்தாவதைப் படித்துவிட்டு நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். (நாலாவது எங்கே? மினிபஸ்ஸில் விழுந்துவிட்டதா?)

தோரிலா! அந்தப் பெரிய பெட்டி என்ன தெரியுமா? டார்ச் விளக்கு மாதிரி. ஒரே பக்கம் பார்த்து முந்நூறு மீட்டர் வீசும். வெட்டவெளிக்காகவே செய்தது. படகுத்துறை, மணல்கரை, நாற்பது நாற்காலி எல்லாவற்றுக்கும் அது ஒன்றே போதும் என்று நான் இரண்டு வாரம் மண்டையைக் குடைந்து எடுத்தது. அதைக் கொண்டுபோய் ஒரு கூடாரத்துக்குள், எழுபத்தெட்டு வயது சாகின் அண்ணனின் தொப்பிக்கு மேல் மாட்டியிருக்கிறீர்கள். அவரிடம் இருப்பது பட்டன் ஃபோன். அதிலும் பச்சைப் பட்டன் வேலை செய்யாது. ஏரிக்கரை முழுவதுக்குமான இணையம் அந்த மனுஷன் தேநீர்க் கோப்பையில் விழுந்துகொண்டிருக்கிறது!

எனக்குப் புரிந்துவிட்டது. ஆட்டை வேகவைத்து உஸ்துகான் பிரிப்பது போலப் பிரித்திருக்கிறீர்கள். மூத்தவருக்கு இந்த எலும்பு, மாப்பிள்ளைக்கு அந்த எலும்பு, வாசலோரம் இருப்பவனுக்கு மிச்சம். இறைச்சிக்கு அது சரி. யார் மூத்தவர் என்று பெட்டிக்குத் தெரியாது, சம்பந்தி. எங்கே ஆள் கூடுகிறது, நடுவில் என்ன சுவர், மழை படுமா, இது மூன்றுதான் அதற்குத் தெரியும்.

இன்னும் இருக்கிறது. ஜோல்தோஷிடம் விசாரித்தேன். அவனை விசாரிக்கக்கூட வேண்டாம், ஒரு கோப்பைத் தேநீர் ஊற்றினால் போதும். "அக்கா, யுர்த் கம்பளிக்கு உள்பக்கம் பூரா வெள்ளித் தாள் விரிச்சிருக்காரு, மழைக்கு. பளபளன்னு கல்யாண மண்டபம் மாதிரி இருக்கு" என்றான். அந்தத் தாளைத் தாண்டி என் சிக்னல் உள்ளே போக வேண்டுமானால் டிக்கெட் வாங்கிக்கொண்டுதான் போக வேண்டும். "அப்புறம், வட்டப் பெட்டி ஒண்ணை வெளிய மரத்துல அடிச்சு, நனையாம இருக்க மேல அலுமினிய பேசினைக் கவுத்திருக்காரு. பேசின் நல்லாத்தான் இருக்கு அக்கா, சிக்னலைத்தான் காணோம்." உள்ளே மாட்டும் பெட்டியை வெளியே! அலுமினியத்தின் கீழே! நான் இரவல் கொடுத்த குழந்தையைக் கூடையைப் போட்டு மூடிய மாதிரி இருக்கிறது எனக்கு.

இலை விஷயம்.

இதை எழுத எனக்கு மூன்று கோப்பைத் தேநீர் ஆயிற்று. இலை என் தவறு. ஈரமான இலைதான் சிக்னலை அதிகம் குடிக்கும் என்று என்னிடம் வேலை பழக வருகிறவர்களுக்கு முதல் நாளே சொல்லுவேன். மார்ச்சில் உங்கள் வீட்டில் அவ்வளவு சாப்பிட்டுவிட்டு நடந்ததில் மூளை வயிற்றுக்கு இறங்கிவிட்டது. யுர்த்களுக்கு இன்னும் இரண்டு பெட்டி கூடுதலாகப் போட்டிருக்க வேண்டும். ஒப்புக்கொள்கிறேன். பெருமிதப்பட வேண்டாம்.

ஆனால் என் இலையால் என் மகள் சூட்கேஸைத் தூக்கவில்லை. உங்கள் ஒழுங்கால் தூக்கினாள். இதை நீங்கள் ஒப்புக்கொள்கிறவரை அவள் இங்கேதான்.

பூருல்

மீன் உப்பு அதிகம். முழுவதையும் சாப்பிட்டுவிட்டேன். பாத்திரத்தில் வால்நட் இருக்கிறது.


அக்-ஜால்
ஜூன் 13

பூருல் அம்மாவுக்கு,

மார்ச்சில் என் வீட்டில் உங்களுக்கு வைத்த எலும்பு எது என்று நினைவிருக்கிறதா? சம்பந்திக்கு உரியதை, ஒரு பிசகும் இல்லாமல் வைத்தேன். இரண்டு கையாலும் வாங்கிச் சாப்பிட்டீர்கள். அப்போது உங்களுக்கு ஒழுங்கு இனித்தது. இப்போது கேலிப் பொருளாகிவிட்டது. உங்கள் கடிதத்தை அண்ணனுக்குப் படித்துக் காட்டவில்லை. காட்டியிருந்தால் அவரே பஸ் ஏறி வந்திருப்பார்.

என் ஒழுங்கால் உங்கள் மகள் போனாள் என்கிறீர்கள். நல்லது. அந்த வரியைப் படித்துவிட்டு உங்கள் வரைபடத்தை எடுத்து மேஜைமேல் விரித்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் பார்த்தேன்.

சமையலறைக்குப் பின்னால் ஒரு கன்டெய்னர் இருக்கிறது. சந்தையில் கடை வைப்பார்களே, அந்த மாதிரி இரும்புக் கன்டெய்னர். நாலு சுவரும் இரும்பு, கூரையும் இரும்பு. மாவு மூட்டையும் வெங்காயமும் வைக்கிற இடம். உங்கள் வரைபடத்தில் அதன்மேல் உங்கள் கையெழுத்தில் "சரக்கு" என்று எழுதியிருக்கிறது. ஒரு வட்டமும் இல்லை.

செஸிம் தினமும் நாலு மணி நேரம் அந்தக் கன்டெய்னருக்குள்தான் உட்கார்ந்து பேசுவாள். விடுதியில் சத்தம் இல்லாத இடம் அது ஒன்றுதான். கதவை ஒரு சாண் திறந்து வைத்துக்கொள்வாள். இப்போதுதான் எனக்குப் புரிகிறது, அந்த ஒரு சாண் வழியாகத்தான் அவளுக்கு சிக்னல் வந்திருக்கிறது. காற்று அடித்தால் கதவு சாத்திக்கொள்ளும். இங்கே மே மாதத்தில் காற்று எப்படி அடிக்கும் என்று ஏரிக்கரையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

நான் அதை வேலை என்று நினைக்கவில்லை. தோழிகளோடு அரட்டை என்று நினைத்தேன். ஒருநாள் நகரத்திலிருந்து முக்கியமான விருந்தாளிகள் வந்திருந்தார்கள். தேநீர் ஊற்ற மருமகள் இல்லை. நான் போய்க் கதவைத் திறந்து, "உள்ள ஆளுங்க உக்காந்திருக்காங்க, நீ இங்க என்ன பண்ற?" என்றேன். கையைக் காட்டினாள், ஒரு நிமிஷம் என்பது போல. "அப்புறம் பேசிக்கலாம், வா" என்றேன். காதில் இருந்ததைக் கழற்றி மூட்டைமேல் வைத்துவிட்டு வந்தாள். ஊற்றினாள். முகம் வெளுத்திருந்தது. உடம்புக்கு முடியவில்லைபோல என்று நினைத்தேன்.

இதையெல்லாம் ஏன் உங்களுக்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை. அடித்துவிட்டு வேறு எழுதலாம். காகிதம் இது ஒன்றுதான் இருக்கிறது.

என் கேள்வி இதுதான். படகுத்துறைக்கு வட்டம் போட்டீர்கள். துணி காயப்போடும் இடம்கூட ஒரு வட்டத்துக்குள் வருகிறது. ஒன்பது வட்டம். பெற்ற தாய். உங்கள் மகளுக்கு எங்கே?

தோலோமுஷ்

வால்நட்டில் பாதி சொத்தை.


பிஷ்கெக்
ஜூன் 17

சம்பந்திக்கு,

இந்த முறை வேடிக்கை எதுவும் எழுதப் போவதில்லை. முயன்று பார்த்தேன், வரவில்லை.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு செஸிமிடம் கேட்டேன். அவள் சமையலறைத் தொட்டிப் பக்கம் நின்று பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"மூணாவது தடவை எப்படி கட்டாச்சு?"

"அதான் சொன்னேனே. லைன் போச்சு."

"உன் மாமனார் எழுதியிருக்கார். தேநீர் ஊத்தக் கூப்பிட்டேன்னு."

குழாயை மூடினாள். ரொம்ப நேரம் துணியில் கையைத் துடைத்தாள்.

"லைன் போகலைம்மா. அன்னைக்குக் காத்தே இல்ல. நல்லா கேட்டுது. நான்தான் கழட்டி வெச்சேன்."

"ஏண்டி எங்கிட்ட லைன் போச்சுன்னு சொன்ன?"

"அவரைப் பத்தி நீ என்ன பேசுவேன்னு தெரியும். அதனாலதான்."

அப்புறம் அவளாகவே சொன்னாள். "அஞ்சு நிமிஷத்துல திரும்பி வந்தேன். கூப்பிட்டவங்க வேற ஆளைத் தேடிப் போயிட்டாங்க. அந்தப் பொண்ணுக்கு என்ன ஆச்சுன்னு எனக்குத் தெரியாது. கேட்டாலும் சொல்ல மாட்டாங்க. பேர்கூடத் தெரியாது. அவ பேச்சை வெச்சு நாரின் ஊர்ப் பக்கத்துப் பொண்ணுன்னு மட்டும் தெரியும்."

சம்பந்தி, அந்தப் பெண் எங்கோ ஒரு தேசத்தில், தன் பாஷையில் ஒரு வார்த்தை கேட்காத அறையில் பிள்ளைவலியோடு கிடந்தாள். அவளுக்கு இருந்த ஒரே காது என் மகளுடையது. அதை மாவு மூட்டைமேல் கழற்றி வைக்கச் சொன்னீர்கள், நாலு பேருக்குத் தேநீர் ஊற்ற. அந்த நாலு பேருக்குக் கையில்லையா? சமோவாரில் குழாய் இல்லையா? அதற்குப் பிறகும் உங்களைக் காட்டிக்கொடுக்காமல் என்னிடம் பொய் சொன்னாள் பாருங்கள், அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

முதல் இரண்டு தடவை அறுந்தது என்னால். அதை நீங்கள் கேட்டுவிட்டீர்கள், நானும் என்னைக் கேட்டுவிட்டேன். எத்தனையோ ஓட்டல்களில் "இங்க வேலை பாக்கறவங்க எங்க உக்காருவாங்க?" என்று கேட்பது எனக்கு வாய்ப்பாடு. என் சொந்த மகளின் வீட்டில் விருந்தாளிகளை மட்டும் எண்ணினேன். கன்டெய்னரை நான் திறந்துகூடப் பார்க்கவில்லை.

இப்போது கேளுங்கள். எல்லைக்கு அந்தப் பக்கம், அல்மாத்தியில் ஒரு அலுவலகத்தில் செஸிமுக்கு இடம் கிடைத்திருக்கிறது. மேஜை, கதவு, கம்பி வழி இணையம் எல்லாம் உண்டு. ஜூலை முதல் தேதி சேர வேண்டும். எல்தியார் தன்னோடு வருவானா மாட்டானா என்று அவள் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. எல்லை தாண்டிப் போய்விட்டால் இந்தக் கல்யாணம் காகிதத்தில் மட்டும்தான் இருக்கும். நீங்களும் நானும் சம்பந்திகளாக இருக்க மாட்டோம். திட்டிக்கொள்ளக்கூட உறவு இருக்காது.

பூருல்

பாத்திரம் இந்த முறை காலியாகத்தான் வருகிறது. மன்னிக்கவும். எதை வைப்பது என்று தெரியவில்லை.


அக்-ஜால்
ஜூன் 22

பூருல் அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படகுத்துறையில் தனியாக உட்கார்ந்து படித்தேன்.

மறுநாள் ஏணியை எடுத்தேன். உங்கள் வரைபடப்படி எல்லாவற்றையும் கழற்றி மாட்டினேன். பெரிய பெட்டி கம்பத்தில் ஏறிவிட்டது. சாகின் அண்ணன் யுர்த்துக்கு வெளியே வந்து நின்று பார்த்தார். "என் தலைக்கு மேல இருந்ததைப் பிடுங்கி காக்காவுக்குக் குடுக்கறியா?" என்றார். "ஆமாம்" என்றேன். என் வாழ்நாளில் அண்ணனிடம் அப்படிச் சொன்னது அதுவே முதல் தடவை. அவர் இப்போது என்னோடு சாப்பிட உட்காருவதில்லை. யுர்த்களில் கதவுப் பக்கத்து வெள்ளித் தாளை உரித்துவிட்டேன். பேசினைச் சமையலறைக்குத் திருப்பிக் கொடுத்தேன். நீங்கள் சொன்ன கூடுதல் இரண்டையும் வாங்கி மரங்களுக்குக் கீழே தாழ்வாக மாட்டினேன். ஏரிக்குள் இப்போது நீந்துகிறவர்கள் மட்டும்தான் நிற்கிறார்கள்.

இனி கவனமாகப் படியுங்கள். கன்டெய்னரிலிருந்து மூட்டைகளை வெளியேற்றினேன். வெள்ளையடித்தேன். கம்பளம் விரித்தேன். கட்டடத்திலிருந்து கேபிள் இழுத்து, புதிதாக வாங்கிய வட்டப் பெட்டி ஒன்றைக் கன்டெய்னருக்கு உள்ளேயே, அவள் நாற்காலிக்கு நேர் மேலே மாட்டினேன். சோதித்தும் பார்த்தேன். கதவை முழுதாகச் சாத்திக்கொண்டு இரண்டு மணி நேரம் குதிரை விளையாட்டுப் போட்டி பார்த்தேன். ஒருமுறைகூட நிற்கவில்லை. வெளியே வந்தபோது சட்டை பிழிகிற அளவுக்கு வியர்வை, அது வேறு விஷயம். ஒரு மின்விசிறி வாங்கிவிடலாம்.

எல்தியாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். சந்தோஷப்படுவான் என்று நினைத்தேன். உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "அப்பா, அவ பெட்டி இல்லாமத்தான் போனான்னு நெனைக்கறீங்களா?" என்றான். "பின்ன?" என்றேன். "இரும்புப் பெட்டிக்குள்ள இன்னொரு பெட்டி மாட்டி வெச்சிருக்கீங்க" என்றான். பத்து நிமிஷத்தில் பையை எடுத்துக்கொண்டு ஜோல்தோஷின் வண்டியில் ஏறிவிட்டான். சீசன் நடுவில்! முப்பது விருந்தாளிகளோடு என்னை விட்டுவிட்டு!

நீங்கள் எல்லாரும் என்ன எதிர்பார்க்கிறீர்கள் என்று எனக்கு விளங்கவில்லை. தவறு என்றீர்கள், சரிசெய்தேன். இலை, தாள், பேசின், கம்பம், இரும்பு. எல்லாவற்றையும் சரிசெய்தேன். அண்ணனைப் பகைத்துக்கொண்டேன். இன்னும் எதைக் கழற்றி எங்கே மாட்ட வேண்டும்? சொல்லுங்கள், மாட்டுகிறேன்!

தோலோமுஷ்

பாத்திரத்தில் புது வெண்ணெய். காலியாக அனுப்பினீர்களே என்று என் மனைவி அழுதாள்.


பிஷ்கெக்
ஜூன் 26

தோலோமுஷ் சம்பந்திக்கு,

எல்தியார் இங்கே வந்து சேர்ந்தான். வந்த அன்று செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று, "அல்மாத்தின்னா அல்மாத்தி, நான் அங்க வண்டி ஓட்டறேன்" என்றான். செஸிம் அவனை உள்ளே விடவே கால் மணி நேரம் ஆயிற்று. அப்புறம் இரண்டு நாள் என் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு சண்டை போட்டார்கள். நான் கதவில் காதை வைத்துக் கேட்டேன். பாதிதான் கேட்டது. வீடுகளின் கதவைப் பற்றி எனக்குத் தெரியாததா, அது நல்ல ஓக் மரம்.

மூன்றாம் நாள் செஸிம் நம் கடிதங்களைக் கேட்டாள். உங்களுடையதைக் கொடுத்தேன். என்னுடையதில் எழுதியதையும் சொன்னேன், கொஞ்சம் நாகரிகப்படுத்தி. எல்லாவற்றையும் படித்து முடித்துவிட்டு அவள் சொன்னது இது. உங்களுக்கு அப்படியே எழுதச் சொன்னாள்:

"நீங்க ரெண்டு பேரும் மூணு வாரமா எனக்காகச் சண்டை போடறீங்க. இதுல நான் எங்கயாவது பேசியிருக்கேனா பாருங்க. ஒருத்தர் வட்டம் போடலைன்னு அழறீங்க, ஒருத்தர் கம்பளம் விரிக்கறீங்க. உனக்கு எங்க உக்காரணும்னு ஒருத்தராவது கேட்டீங்களா?"

எல்தியார் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "நான் கேட்டேன்" என்றான். "நீ இன்னைக்குத்தான் கேட்ட" என்றாள்.

முடிவு இது. அல்மாத்தி இல்லை. கன்டெய்னரும் இல்லை. வேறொரு நிறுவனம் ஒரு மாதம் சோதனைக்கு அவளை எடுத்துக்கொள்கிறது. உங்கள் அக்-ஜாலில், மருந்துக்கடைக்கு மேல் ஒரு மாடியறை இருக்கிறதாம். அதை எடுத்திருக்கிறார்கள். காலை எட்டிலிருந்து மாலை நாலு வரை அது அவளுடைய அலுவலகம். அதன்பிறகு அவள் உங்கள் வீட்டு மருமகள், இஷ்டமிருந்தால் தேநீர் ஊற்றுவாள். அந்த ஒரு மாதத்தில் இணைப்பு அறுந்தால் இந்த வேலையும் போய்விடும். போனால் அல்மாத்திதான், அப்போது எல்தியாரும் அவளோடு. இதையும் அப்படியே எழுதச் சொன்னாள்.

உங்களுக்கு ஆறுதலாக ஒன்று சொல்லட்டுமா? எனக்கும் கிடைத்தது. அந்த மாடியறைக்கு நானே ஒரு பெட்டியைத் தேர்ந்தெடுத்து, அட்டை பிரிக்காமல், ரகசியமாக அவள் சூட்கேஸுக்குள் துணிக்கு அடியில் வைத்திருந்தேன். கிளம்புவதற்கு முன் அதை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"அம்மா, அந்தச் சுவர் எதால கட்டினதுன்னு தெரியுமா உனக்கு?"

"தெரியாது."

"ஜன்னல் எந்தப் பக்கம்?"

"தெரியாது."

"அப்ப எதைப் பாத்து எடுத்த?"

இருபது வருஷமாக நான் மற்றவர்களைக் கேட்கும் கேள்விகள் சம்பந்தி, அதே வரிசையில், அதே தொனியில். பெட்டியை எடுத்துத் திரும்ப அலமாரியில் வைத்தேன். இன்று காலை ஏழு மணி வண்டியில் இருவரும் கிளம்புகிறார்கள். உங்களுக்கு முன்கூட்டிச் சொல்ல வேண்டாம் என்றார்கள், அதனால் இந்தக் கடிதம் அவர்கள் போகும் அதே வண்டியில்தான் வருகிறது. ஜோல்தோஷ் வாயை மூடிக்கொண்டிருந்தால் ஆச்சரியம்.

நீங்கள் மாடியேறிப் போய் ஏதாவது சொன்னீர்கள் என்று என் காதில் விழுந்தால் நானே வந்து நிற்பேன். ஏணியோடு.

பூருல்


அக்-ஜால்
ஜூலை 1

பூருல் அம்மாவுக்கு,

நான் மாடியேறவில்லை.

மருந்துக்கடைக்குப் போனேன், அதற்குத் தடை இல்லையே. முதல் நாள் இடுப்புக்கு ஒட்டும் பிளாஸ்திரி வாங்கினேன். இரண்டாம் நாளும் வாங்கினேன். இன்று கடைக்காரி, "பெரியவரே, உங்களுக்கு எத்தனை இடுப்பு?" என்றாள்.

கடைக்குப் பின்னால் மாடி ஜன்னல். அதன் கீழே சுவரோரமாக நின்றேன். செஸிமின் குரல் கேட்டது. "வலி எங்க இருக்குன்னு கையால தொட்டுக் காட்டுங்க" என்றாள். யாரோ கிழவர்போல, காது மந்தம். அதையே மூன்று தடவை சொன்னாள். மூன்றாம் தடவை நம் தென்கரைப் பேச்சில் இழுத்துச் சொன்னாள். அவருக்குப் புரிந்துவிட்டதுபோல, இவள் சிரித்தாள். பிறகு அவர் சொன்னதை வேறு பாஷையில் யாருக்கோ சொன்னாள். எனக்கு அந்தப் பாஷையில் ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனால் அந்தக் கிழவர் சொன்ன ஒவ்வொன்றையும் கீழே வைக்காமல் கொண்டுபோய்ச் சேர்க்கிறாள் என்று தெரிந்தது. பத்து மாதம் என் வீட்டில் இருந்தாள். இந்தக் குரலை நான் கேட்டதில்லை. எங்களிடம் பேசும்போது அவள் இவ்வளவு உரக்கப் பேச மாட்டாள்.

கொஞ்ச நேரத்தில் இணைப்பு நின்றுவிட்டது. "கேக்குதா? நான் பேசறது கேக்குதா?" என்றாள். பத்து வினாடி இருக்கும். பிறகு திரும்ப வந்துவிட்டது. அந்தப் பத்து வினாடியில் எனக்கு என்ன ஆயிற்று என்று எழுதத் தெரியவில்லை. பட்டறையில் ஒரு தடவை ஜாக்கி வழுக்கி லாரி இறங்கியது, அடியில் ஆள் இருந்தான். அன்றைக்கு இருந்தது போல இருந்தது.

எல்தியாரிடம் கேட்டேன். மருந்துக்கடையின் பழைய பெட்டியைத்தான் இப்போதைக்குப் பயன்படுத்துகிறார்களாம். கீழே, அலமாரிக்குப் பின்னால் இருக்கிறது. சோதனை மாதத்தில் இன்னும் இருபத்தேழு நாள் மிச்சம்.

அதனால் கேட்கிறேன். சுவர் செங்கல், நாலு விரல்கடை கனம் இல்லை, முழு முழம். கூரை தகரம். தரை பலகை. ஜன்னல் ஏரியைப் பார்த்து. எல்லாவற்றையும் வெளியே இருந்தே அளந்துவிட்டேன். எந்தப் பெட்டி வாங்க வேண்டும்? எங்கே மாட்ட வேண்டும்? சரியான பெயரை எழுதுங்கள், நாளைக்கே ஆள் அனுப்பி வாங்குகிறேன். இந்த முறை நீங்கள் சொல்கிற இடத்தில், சொல்கிற உயரத்தில். ஒரு விரல்கூட மாற்றமாட்டேன்.

தோலோமுஷ்


பிஷ்கெக்
ஜூலை 3

தோலோமுஷ் சம்பந்திக்கு,

உங்கள் அளவுகளைப் பார்த்தேன். மிக நன்றாக அளந்திருக்கிறீர்கள், என்னிடம் வேலைக்கு வருகிறவர்கள்கூட இவ்வளவு ஒழுங்காக எழுத மாட்டார்கள். முழச் செங்கல், தகரக் கூரை, ஏரியைப் பார்த்த ஜன்னல். படித்த உடனே எனக்குத் தெரிந்துவிட்டது எந்தப் பெட்டி, எந்த மூலை, எத்தனை மீட்டர் கேபிள் என்று. ஒரே வரியில் எழுதிவிடலாம். பேனா அந்த வரியின்மேல்தான் நிற்கிறது. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியாது.

எழுத மாட்டேன்.

நாலு மணிக்கு அவள் வேலை முடியும். அதன்பிறகு போய் அவளைக் கேளுங்கள்.

பூருல்